பின்பனிக் காலத்துக் காட்டுவழி



பெரும்பொழுது ஆறு என்னும் பாடத்தை ஆண்டுதோறும் நம் பள்ளியில் நடத்தி வருகிறோம். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பிள்ளைகள் இதனை ஒரே மூச்சில் ஒப்பித்து விடுகின்றனர். ஒருமுறை அவ்வாறு ஒப்பித்து முடித்த சிறுவன் ஒருவன், "ஐயா, இது இந்தியாவின் கணக்கு. இங்கே நமக்கு நான்கு பருவந்தானே?" என்று வினவினான்.

அவ்வினா எங்களைச் சிந்திக்க வைத்தது. சென்னையில் சித்திரை மாதத்தை இளவேனில் என்று சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும், அக்கினி நட்சத்திரமும் வந்து சேரும். ஆனால் நாம் வாழும் நியூ ஜெர்சியில் ஏப்ரல் 14 அளவில் சித்திரை பிறக்கும்போது என்ன நிகழ்கிறது? நூவர்க் நகரத்துப் பிராஞ்ச் புரூக் பூங்காவில் 5,000-க்கும் மேற்பட்ட செர்ரி மரங்கள் பூத்து நிற்கும் வேளை அது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை உள்ள பின்பனியோ, இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களின் வரிசை. காரும் கூதிரும் இந்நாட்டிற்குப் பொருந்தா என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் பின்பனி, இளவேனில் என்னும் இரண்டும் நம் ஊர்களில் பொருந்துவதைவிட இங்கே நன்றாகப் பொருந்துகின்றன. இதனை அச்சிறுவனுக்கு வகுப்பறையில் விளக்குவதைவிடக் காட்டில் காட்டுவதே எளிது எனக் கருதி, பெற்றோர் சிலரும் பிள்ளைகளும் சேர்ந்து பங்குனி மாதத்தில் நடைபயணம் செல்லத் தொடங்கினோம். அந்நடைகளில் கற்றவற்றை இம்மலரில் எழுதுகிறோம்.

நம்மவரில் பெரும்பாலோர் பள்ளி விடுமுறை விட்டபின், ஜூன் திங்களில்தான் காட்டுவழிகளை நினைக்கின்றனர். அப்போது காடு பச்சைச் சுவராக மூடிக்கொண்டிருக்கும். கொசுவும் வியர்வையும் உடன் வரும். காடு தன் வேலைகளைத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே, மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிவரையுள்ள ஆறு வாரங்களில். மரங்களில் இன்னும் இலை இல்லை. ஆகவே கதிரவனின் ஒளி தடையின்றித் தரைவரை இறங்குகிறது. ஆண்டில் வேறெப்போதும் தரைக்கு இவ்வளவு ஒளி கிடைப்பதில்லை. இந்த ஆறு வாரத்தைத் தவறவிட்டால் அவ்வாண்டின் இளவேனிலையே தவறவிட்டதாகும் என்பது எங்கள் துணிபு.

தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்ற பொருளும் உண்டு. வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் கடைசி நூலான மலைபடுகடாம், கூத்தர்க்கு நன்னன் என்னும் தலைவனின் மலைநாட்டிற்கு வழி சொல்லும் நூலாகும். கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். தேர்வுக்குப் படித்த காலத்தில் நூற்பெயரையும் புலவர் பெயரையும் மனனம் செய்ததோடு நாங்கள் நின்றுவிட்டோம். இங்கே மலையேறத் தொடங்கிய பின்னரே அந்நூலில் உள்ள அக்கறை புரிந்தது. பன்றிகளுக்காக வைத்த பொறிகள் இருக்கும், பார்த்து நடங்கள். பாறை வழுக்கும், பற்றிக்கொண்டு செல்லுங்கள். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் வரும், விலகிச் செல்லுங்கள் என்ற முறையில், முன்பு அவ்வழியே போனவன் பின்னால் வருபவனுக்குச் சொல்லும் செய்திகள் அதில் நிறைந்திருக்கின்றன. எங்கே தங்கலாம், எங்கே உணவு கிடைக்கும் என்பதும் உண்டு.

இந்நாட்டில் அத்தகைய ஆற்றுப்படையை மரங்களின்மீது எழுதி வைத்திருக்கின்றனர். நிறம் பூசிய சிறு கட்டங்களைப் பாதையோர மரங்களில் காணலாம். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் மாநிலம்வரை ஏறத்தாழ 2,190 மைல் நீளும் அப்பலாச்சியன் நெடும்பாதைக்கு வெள்ளை நிறம். அதன் 72 மைல் நம் மாநிலத்தில் அமைந்துள்ளது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு கட்டங்கள் இருந்தால் பாதை திரும்புகிறது என்று பொருள். மேற்கட்டம் எப்பக்கம் தள்ளியிருக்கிறதோ அப்பக்கம் திரும்ப வேண்டும். மூன்று கட்டங்கள் முக்கோணமாக, முனை மேல்நோக்கி நின்றால் பாதையின் தொடக்கம். கீழ்நோக்கி நின்றால் முடிவு. எழுத்துக் கற்காத குழந்தையும் இதனை ஐந்து நிமிடத்தில் கற்றுவிடும். எங்கள் குழுவில் வழிகாட்டும் பொறுப்பு எட்டு வயதினரிடமே விடப்படுகிறது. பெரியவர்கள் பேச்சில் மூழ்கிக் கட்டத்தைத் தவறவிடுவார்கள், அவர்கள் விடுவதில்லை. இக்குறிகளைத் தீட்டுவோரும், குளிர்காலத்தில் விழுந்த மரங்களை அறுத்து வழியமைப்போரும் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுடைய நியூயார்க்–நியூ ஜெர்சிப் பாதைக் கழகம் 1920-இல் தோன்றியது.

இனி, பங்குனியில் காணக்கூடியவற்றுள் சிலவற்றைச் சொல்வோம்.

முதன்முதலில் பூப்பது ஸ்கங்க் கேபேஜ் என்னும் செடி. சதுப்பு நிலத்தில், பனி முழுதும் உருகுவதற்கு முன்பே, கருஞ்சிவப்பில் புள்ளியிட்ட கூம்பு ஒன்று மண்ணைக் கிழித்து மேலே வரும். அதனைச் சுற்றி வட்டமாகப் பனி உருகியிருப்பதைக் காணலாம். சூழவுள்ள காற்றைவிடப் பதினைந்து டிகிரி செல்சியசுக்கும் மேலாகத் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. கிழங்கில் சேர்த்து வைத்த மாவுப்பொருளை எரித்து அவ்வெப்பத்தை உண்டாக்குகிறது. அதன் துர்நாற்றத்தை நாடி, அக்குளிரிலும் பறக்கும் ஈக்கள் வந்து மகரந்தத்தை எடுத்துச் செல்கின்றன. ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி ஒருவர் ஏப்ரலில் அதன் விரிந்த இலையைப் பார்த்துவிட்டு, "இது நம் சேம்பு வகையல்லவா? பறிக்காதே, கை அரிக்கும்" என்றார். நாங்கள் வியந்து போனோம். தாவரவியலாரும் அதனையே சொல்கின்றனர்: அச்செடியும் நம் சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சேனையும் இலை விடுமுன் பூக்கும். அதன் பூவும் சூடாகும், நாறும். பிள்ளைகள் அன்றே அதற்கு 'நாற்றச்சேம்பு' என்று பெயரிட்டனர்.

மேப்பிள் மரத்தின் சாறு வடிப்பதும் இக்காலத்திலேயே. இரவு உறைநிலைக்குக் கீழும் பகல் அதற்கு மேலும் இருக்கும் நாட்களில் மட்டுமே சாறு ஓடும். மொட்டு விரிந்துவிட்டால் சாற்றின் சுவை கெட்டுவிடும். ஏறத்தாழ 40 கேலன் சாற்றைக் காய்ச்சினால் ஒரு கேலன் பாகு கிடைக்கும். நம் நாட்டில் பனையிலிருந்து பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதைக் கண்ட பெற்றோர், இதனைப் பிள்ளைகளுக்கு விளக்கத் திணற வேண்டியதில்லை.

தவளைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மார்ச் மாத மாலையில் நீர்நிலையோரம் நின்றால் நூற்றுக்கணக்கான சலங்கைகளைக் குலுக்கியதுபோன்ற ஓசை எழும். ஓசையிடுவது ஓர் அங்குலமே நீளமுள்ள தவளை. கண்ணுக்கு அகப்படுவது அரிது. அதனோடு, வாத்துக் கத்துவதுபோல் கரகரத்த குரலில் கத்தும் மரக்காட்டுத் தவளையும் சேர்ந்துகொள்ளும். இது குளிர்காலத்தை ஆழத்தில் ஒளிந்து கழிப்பதில்லை. சருகின் அடியிலேயே கிடக்கிறது. உடலிலுள்ள நீரில் பாதிக்கு மேலும் பனிக்கட்டியாகிவிடும். மூச்சு நின்றுவிடும், இதயமும் நின்றுவிடும். இரத்தத்தில் மிகுதியாகச் சேரும் சர்க்கரையே அதன் உயிரணுக்கள் சிதையாமல் காக்கிறது. (நம் வீட்டுப் பெரியோர்க்கு நோயாக வரும் சர்க்கரை அத்தவளைக்கு மருந்தாகிறது!) பின்பனியில் சருகு வெதுவெதுப்பானதும் இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கி, சில நாட்களிலேயே குளம் தேடிப் போய்விடும்.

அவை தேடிப் போகும் குளங்கள் வசந்தத்தில் நிறைந்து கோடையில் வற்றிப் போகும் பள்ளங்கள். வற்றுவதால் அவற்றில் மீன் இல்லை. மீன் இல்லாததால் முட்டைகள் பிழைக்கின்றன. கரிய உடலில் மஞ்சள் புள்ளிகளுடைய சலமாண்டர் என்னும் உயிரியும் ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, பனிக்காலம் முடியும் முதல் வெதுவெதுப்பான மழை இரவில் இக்குளங்களுக்கு நடந்து வருகிறது. இடையில் சாலை குறுக்கிட்டால் வண்டிச் சக்கரங்களில் நசுங்கி மடிய வேண்டியதுதான். நம்மவர் மிகுதியாக வாழும் ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரில், பீக்மன் சாலையைப் பல ஆண்டுகளாக அத்தகைய இரவுகளில் ஊராட்சியே மூடிவிடுகிறது. மக்கள் கைவிளக்கோடு சென்று, அவை சாலையைக் கடப்பதைப் பார்க்கின்றனர். முல்லைக்குத் தேர் ஈந்தவனைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம், "அது உண்மையா?" என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை மார்ச் மாத மழையிரவொன்றில் அங்கே அழைத்துச் செல்லலாம். இரவு எதுவென்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. மழையும் வெப்பமும் ஒத்து வர வேண்டும். நாங்கள் இருமுறை போய் ஒன்றையும் காணாது திரும்பினோம். மூன்றாம் முறை ஏழு கண்டோம்.

ஏப்ரலில் தரைப்பூக்கள் வருகின்றன. இளஞ்சிவப்புக் கோடுகளுடைய ஐந்திதழ் வெள்ளைப்பூ, புள்ளியிலைகளுக்கிடையே தலைகுனிந்த மஞ்சள் பூ, தண்டை ஒடித்தால் செந்நிறச் சாறு வடியும் வெண்பூ எனப் பலவகை. மேலே மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள் இவை பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டியதைக் கிழங்கில் சேர்த்துவிட்டு மறைந்துவிட வேண்டும். விதையின்மேல் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்கிற்காக எறும்புகள் விதையை இழுத்துச் சென்று பரப்புகின்றன. எறும்பு எவ்வளவு தொலைவு இழுக்கும்? ஆகவே ஓரிடத்தில் அழிந்தால் இப்பூக்கள் எளிதில் மீண்டு வருவதில்லை.

இங்கே எங்கள் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலாண்டில், வீட்டு வாசலில் பனி இல்லை என்பதை நம்பி, சாதாரணக் காலணியோடு ஒரு மலைக்குச் சென்றோம். ஏறிய பக்கம் தெற்கு நோக்கியது, காய்ந்து கிடந்தது. இறங்கிய பக்கம் வடக்கு. வெயில் படாத அச்சரிவில் குளிர்காலத்துப் பனி நடந்து நடந்து கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது. இருவர் விழுந்தனர், ஒருவருக்கு மணிக்கட்டில் வீக்கம். பிள்ளைகளை உட்கார வைத்து உட்கார வைத்து இறக்கினோம். வழுக்கும் பாறையில் பற்றிக்கொண்டு செல்லுங்கள் என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நூல் சொல்லியிருந்தும் நாங்கள் கேட்கவில்லை.

பனி போனால் சேறு. நம் பிள்ளைகளிடம், "காலணி அழுக்காகும், ஓரமாக நட" என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். காட்டுவழியில் இது தவறு. ஒவ்வொருவரும் சேற்றை விட்டு ஓரமாக நடந்தால் பாதை அகன்றுகொண்டே போய், ஓரத்தில் முளைக்கும் அத்தரைப்பூக்கள் மிதிபட்டு மாளும். சேற்றின் நடுவிலேயே நடக்க வேண்டும். வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.

நடுவில் நடப்பதற்கு மற்றொரு காரணம் உண்ணி. பெற்றோர் பலர் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்ப அஞ்சுவது இதனாலேயே. அவ்வச்சம் வீண் அன்று. கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் ஊரில் 1970-களின் நடுவில் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்குவதைக் கண்ட தாய்மார் விடாது கேட்டதனால்தான் லைம் நோய் ஆராயப்பட்டது. நம் மாநிலத்தில் அது மிகுதி. அதனைப் பரப்பும் உண்ணி பறக்காது, குதிக்காது. புல்லின் நுனியிலும் புதரிலும் கால் நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்பவரைப் பற்றிக்கொள்ளும். மார்ச், ஏப்ரலில் நடமாடும் வளர்ந்த உண்ணி எள்ளளவு இருக்கும். மே மாதம் முதல் வரும் இளையது கசகசா அளவே. உறைநிலைக்கு மேல் வெப்பம் இருந்தால் குளிர்காலத்திலும் அது விழித்துக்கொள்ளும். ஆனால் கடித்தவுடன் லைம் நோய் தொற்றிவிடுவதில்லை. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் தொற்றும். ஆகையால் அன்று மாலையே தேடி எடுத்துவிடுவதுதான் காப்பு. வெளிர்நிற ஆடை அணிந்து, காலுறையைக் காற்சட்டையின்மேல் இழுத்துவிட்டு நடத்தல் நலம். வீடு திரும்பியதும் ஆடைகளைச் சூடான உலர்த்தியில் இட்டு, குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். நீண்ட கூந்தலுடைய பெண்பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். பாட்டிமார் இக்கலையில் வல்லவர்கள். ஒட்டியிருந்தால், நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடா. சில நாட்களிலோ ஒரு மாதத்துக்குள்ளோ படரும் தடிப்பு, காய்ச்சல், மூட்டுவலி கண்டால் மருத்துவரிடம் செல்க. படங்களில் காட்டும் சிவந்த வளையம் நம் மாநிறத் தோலில் தெளிவாகத் தெரியாமல், கன்றிப்போன தழும்புபோல் தோன்றக்கூடும். சிலருக்குத் தடிப்பே வராது. எனவே காட்டுக்குச் சென்று வந்த செய்தியை மருத்துவரிடம் மறவாது சொல்ல வேண்டும்.

கரடியும் மார்ச், ஏப்ரலில் குகையை விட்டு வெளிவரும். கூட்டமாகப் பேசிக்கொண்டு செல்வோரை அது பெரும்பாலும் தவிர்த்துவிடும். நம்மவர் பேசாமல் நடப்பது எங்கே? கண்டால் ஓடாது, முதுகு காட்டாது மெல்லப் பின்வாங்குக; புளியோதரைப் பொட்டலத்தை விட்டு வராதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்போர்க்கு நாங்கள் முதலில் சொல்வது கிரேட் சுவாம்ப் என்னும் பெருஞ்சதுப்பு நிலம். அங்கே பலகை பாவிய நடைபாதை உண்டு. குழந்தையும் முதியோரும் நடக்கலாம், நாற்றச்சேம்பும் தவளையும் பாதையிலிருந்தே காணலாம். பனியூழிக் காலத்துப் பேரேரியொன்றின் எச்சம் அது. 1959-இல் அவ்விடத்தில் பெரிய விமான நிலையம் ஒன்றை அமைக்கத் துறைமுக ஆணையம் திட்டமிட்டது. சுற்றுவட்டார மக்கள் பணம் திரட்டி, ஏறத்தாழ 3,000 ஏக்கரை விலைக்கு வாங்கி மத்திய அரசுக்குக் கொடையாகக் கொடுத்து, 1964-இல் அது வனவிலங்குப் புகலிடமாக அர்ப்பணிக்கப்பட்டது. 1968-இல் அதன் ஒரு பகுதி சட்டத்தால் காக்கப்பட்ட வனமாயிற்று. பணம் கொடுத்தோரில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பத்தினர் என்பதை நினைத்தால், அப்பலகையில் நடக்கும்போது கால் சற்று மெல்லவே ஊன்றுகிறது.

மேடு பள்ளமில்லா வழி வேண்டுவோர்க்கு டெலவேர்–ராரிட்டன் கால்வாயின் கரை. 1834 முதல் 1932 வரை படகுகள் ஓடிய கால்வாய் அது. படகிழுத்த கோவேறு கழுதைகளின் தடமே இன்றைய நடைபாதை. பாறைகளில் ஏற விரும்பும் பிள்ளைகளுக்குச் சோர்லண்ட் மலை. நன்கு பழகியபின் வடமேற்கே கிட்டட்டின்னித் தொடர்.

கிட்டட்டின்னி என்பதற்குப் பெருமலை என்று பொருள். அது லெனாப்பே மக்களின் சொல். ராரிட்டன், பசேயிக், பார்சிப்பனி, ஹோபோக்கன் என நாம் நாள்தோறும் முகவரியில் எழுதும் பெயர்களும் அவர்களுடையவையே. நாம் நடக்கும் வழிகளுள் சில அவர்களுடைய கால்கள் இட்டவை. அம்மக்களில் பெரும்பாலோர் இங்கிருந்து துரத்தப்பட்டு, இன்று ஓக்லகோமா, விஸ்கான்சின் மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் வாழ்கின்றனர். இம்மாநிலத்தின் வடபகுதியில் பேசப்பட்ட அவர்களுடைய மன்சி மொழியைப் பிறவியிலிருந்து சரளமாகப் பேசுவோர் இன்று மிகச் சிலரே; இளையோர் வகுப்பு வைத்துக் கற்று வருகின்றனர். மலைக்குப் பெயர் இருக்கிறது. அம்மலையில் நின்று அப்பெயரைத் தாய்மொழியாகச் சொல்ல வாய் இல்லை.

இதனை ஒரு பாறையின்மேல் அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொன்னபோது, ஒரு சிறுமி, "நாம் வீட்டில் சாப்பாடு, தூக்கம், குளியல் இவற்றுக்குத்தானே தமிழ் பேசுகிறோம்?" என்றாள். எங்களில் எவரும் உடனே மறுமொழி சொல்லவில்லை. அன்று முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டது: வழியில் காணும் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்ல முயல வேண்டும், பெயரில்லாவிட்டால் பிள்ளைகளே இட வேண்டும். கோடிட்ட ஐந்திதழ்ப் பூவுக்குப் 'பங்குனிப்பூ' என்று பெயர் வந்தது. ஓரங்குலத் தவளை 'சலங்கைத் தவளை' ஆயிற்று. பெரியவர்கள் சொன்ன பெயர்கள் பலவும் நீளமென்று தள்ளப்பட்டன.

இம்மலரைப் படிக்கும் மாணவர்க்குப் பயிற்சியும் இதுவே. பங்குனியில் ஒரு நாள் ஒரு காட்டுவழியில் சென்று, ஓரிடத்தைத் தேர்ந்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து அதே இடத்திற்குச் சென்று, எது புதிதாக வந்தது, எது மறைந்தது என்பதைப் பத்து வாக்கியங்களில் எழுதி வாருங்கள். தவளையின் குரலை முதன்முதல் கேட்ட நாளைத் தமிழ்த் திங்களோடு குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிடலாம். சலமாண்டருக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. 'புள்ளிப்பல்லி' என்று ஒருவன் சொன்னான். அது பல்லியினம் அன்று, தவளைக்கு உறவு என்று மற்றொருத்தி மறுத்துவிட்டாள். 'மழையிரவன்' என்பதற்கு இதுவரை நான்கு வாக்குகள் கிடைத்துள்ளன. வேறு பெயர் தோன்றினால் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுக்கவும்.